அட்டைக்குச் சொந்தக்காரர் நேரில் வரவேண்டும்

பேரம் பேசாமல் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நல்ல வாடிக்கையாளர் என்றால் உயிரை எடுக்க வேண்டும். ஊசி கூட வருமா, நூல் இலவசமா, போன வாரம் வேறொரு இடத்தில் குறைவாகப் பார்த்தேனே என்று பத்துத் தடவை கேட்டுவிட்டு, பதினோராவது தடவைதான் வாங்குவார். திருடனுக்கு அதெல்லாம் வேண்டாம். காசு அவனுடையதா என்ன?

எங்கள் கடைக்கு ஷட்டரும் கிடையாது, போர்டும் கிடையாது. வீட்டுப் பின்னறையில் நானும் என் நாத்தனாரும் நடத்துகிற இணையக் கடை. பழைய தையல் மெஷின்களை வாங்குவோம். அவள் பிரித்துப் போட்டுச் சரிசெய்வாள், நான் படம் எடுத்து விற்பேன். அவளுக்குக் கை, எனக்கு வாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கடையிலேயே விலை கூடிய பொருளுக்கு ஆர்டர் வந்தது. ஆறு ஊசி எம்பிராய்டரி மெஷின். நாத்தனார் இரண்டு மாதம் மல்லுக்கட்டி உயிர் கொடுத்தது. கையில் இருந்ததையெல்லாம் அதில்தான் போட்டிருந்தோம்.

துள்ளிக் குதிக்க வேண்டியதுதானே? நான் ஆர்டர் விவரத்தை இன்னொரு தடவை படித்தேன். மூன்று முறை பணம் கட்ட முயன்று மூன்று முறையும் மறுக்கப்பட்டிருந்தது. நாலாவது தடவை போயிருந்தது. கார்டு ஓர் ஆணின் பேரில், அரை நாள் ரயில் தூரத்தில் உள்ள ஊர் முகவரியோடு. பொருள் போகவேண்டியதோ எங்கள் ஊரின் மறுகோடியில் ஒரு பெண்ணுக்கு. சீக்கிரம் வேண்டும் என்ற கட்டத்தில் டிக். ஒரு கேள்வி இல்லை, பேரம் இல்லை.

ஆறு மாதம் முன்பும் இப்படித்தான் ஒன்று வந்தது. பல்லை இளித்துக்கொண்டு அனுப்பினேன். பார்சல் பாதி வழியில் முகவரி மாறி எங்கோ போனது. நாற்பது நாள் கழித்து, கார்டுக்கு உண்மையான சொந்தக்காரர் புகார் கொடுக்க, வங்கி பணத்தைத் திரும்ப உருவிக்கொண்டது. மெஷினும் போச்சு, பணமும் போச்சு. இன்னொரு தடவை அப்படி நடந்தால் கடையை மூடவேண்டியதுதான். முன்பு வேலை பார்த்த தையல் கம்பெனியில், வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்த அதே சூப்பர்வைசரிடம் நாத்தனார் மறுபடி போய் நிற்க வேண்டும்.

"அண்ணி, அனுப்பிடலாமா?" என்றாள் அவள்.

"அனுப்பு, அனுப்பு. கூடவே நம்ம ரெண்டு பேரையும் அதே பெட்டியில போட்டு ஒட்டி அனுப்பு."

"அப்ப கேன்சல் பண்ணுங்க. சூடு கண்ட பூனைக்கு அடுப்பங்கரையில என்ன வேலை?"

ஒரு பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது. ஆனால் அமுக்கிவிட்டால், இது யார், எதற்கு என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். அது எனக்கு ஒத்துவராது. தலை வெடித்துவிடும்.

வாங்கிய பெண்ணின் எண்ணுக்குப் போன் போட்டேன். பின்னால் ஏகப்பட்ட மெஷின் சத்தம். பொருளைத் தெரிந்துதான் வாங்குகிறாளா என்று பார்க்க ஒரு கொக்கி போட்டேன்.

"துணி மாட்டற ஃப்ரேம் எந்த சைஸ் வேணும்மா?"

"ரெண்டு சைஸும்தான் கூட வருதே, படத்துல இருக்கு. அப்புறம் மூணாவது ஊசி மேல, நூலை இறுக்கற டென்ஷன் குமிழை மாத்தியிருக்கீங்க. அது ஒரிஜினல் இல்ல. பரவாயில்ல, ஓடுனா சரி."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் வாயைப் பிளந்தாள். அந்தக் குமிழைப் பழைய மெஷின் ஒன்றிலிருந்து கழற்றி மாட்டியது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

"கார்டு யாரோடதும்மா?"

"என்னோடதுதான். வேற யாரோடது?" என்றவள், யாரோ வருகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தொழில் தெரிந்தவள். ஆனால் பொய் சொல்கிறாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார்டு முகவரியோடு இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க."

கடையின் பெயரைச் சொன்னேன்.

"தெரியும். ஒன்பது அம்பதுக்கு மெசேஜ் வந்துச்சு."

"நீங்கதான் வாங்கினீங்களா?"

"ஆமா."

"என்ன வாங்கினீங்க?"

"அது... ஒரு பொருள்."

"என்ன பொருள்?"

"நல்ல பொருள்தாம்மா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், என் காதுல பூ வைக்காதீங்க. என்ன வாங்கினோம்னே தெரியாம யாராவது இவ்வளவு பணம் கொடுப்பாங்களா?"

"கேன்சல் மட்டும் பண்ணிடாதீங்க." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் எங்கயும் புகார் கொடுக்க மாட்டேன், எழுதி வேணும்னாலும் தர்றேன். எந்த அட்ரஸுக்குப் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க."

பிறகு தானாகவே சொன்னார். ஒரே மகள். மூன்று வருடம் முன்பு, பார்த்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுத் தையல் வேலைக்குப் போகிறேன் என்றிருக்கிறாள். 'போனா போ, இந்த வாசல்ல திரும்ப வந்து நிக்காதே' என்று இவர் கத்தியிருக்கிறார். அவள் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"அவ காலேஜ் படிக்கும்போது அவ போன்ல என் கார்டைப் போட்டுக் கொடுத்தேன். அதை நான் நிறுத்தவேயில்ல. எப்பவாவது ஒரு முடைன்னா எடுப்பா, எனக்கு ஒரு மெசேஜ் வரும், எங்கயோ நல்லா இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்னு. மூணு வருஷத்துல ஒரு பேனா கூட வாங்கல. இன்னைக்குத்தான்."

ஆனாலும் நான் முகவரியைக் கொடுக்கவில்லை. அப்பாவோ, அப்பா என்று சொல்லிக்கொள்கிற ஆளோ, யார் கண்டது? ஒரு பெண் மூன்று வருடம் மறைத்து வைத்ததை ஒரு குரலை நம்பிச் சொல்லிவிட முடியாது. மதியத்துக்கு மேல் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன்.

மதிய இடைவேளையில் அந்தப் பெண்ணை மறுபடி பிடித்தேன். கார்டில் இருந்த பெயரைப் படித்தேன்.

"ஐயோ," என்றாள். "என் கார்டு மூணு தடவை எடுக்கல. நாலாவது தடவை எதையோ அமுக்கினேன், போயிடுச்சு. அந்தப் பழைய கார்டு இன்னுமா ஓடுது?"

"ஓடுது. அவர்தான் ஓட விட்டிருக்கார்."

"கேன்சல் பண்ணிடுங்க. அவர் காசு எனக்கு வேண்டாம்."

"உனக்கு அவசரம்னு டிக் போட்டிருந்தியேம்மா?"

"திங்கக்கிழமையிலேர்ந்து யூனிஃபார்ம் பேட்ஜ் வேலை ஒண்ணு ஒத்துக்கிட்டேன். என்னோட முதல் சொந்த வேலை. இதை நம்பி இங்க வேலையை விடறேன்னு சொல்லிட்டேன். பரவாயில்ல, வேற ஏதாவது பாத்துக்கறேன்." அவள் குரல் உடைந்தது.

நானும் 'சரிம்மா' என்று வைத்திருக்கலாம். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது?

"கேன்சல் பண்ணலாம். அதுக்கு முன்னாடி எங்க கடை விதியைச் சொல்லிடறேன். விலை கூடின பொருள், கார்டு ஒருத்தர் பேர்ல, வாங்கறவங்க வேற ஆள்னா, கார்டுக்குச் சொந்தக்காரர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். நீ சம்மதிச்சாத்தான் அவருக்கு அட்ரஸ் போகும். சம்மதமில்லன்னா பணம் அவர் கார்டுக்கே திரும்பிடும். முடிவு உன்னோடது."

நாத்தனார் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டாள். அப்படி ஒரு விதி எங்கள் கடையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

"எல்லாருக்குமா இந்த விதி?" என்றாள் போனில் அந்தப் பெண்.

"பாரபட்சமே கிடையாது."

"அவர் வருவாரா?"

"ஒன்பது அம்பதுலேர்ந்து போனைக் கையிலேயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்மா."

"சனிக்கிழமை மூணு மணிக்கு வரச் சொல்லுங்க. கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிடட்டும்."

போனை வைத்ததும் நாத்தனார் இடுப்பில் கை வைத்து நின்றாள். "எந்த விதி அண்ணி அது?"

"இப்பத்தான் போட்டேன். போய் ஒரு படிவம் அடி."

அடித்தாள். பெயர், அடையாள அட்டை எண், மெஷின் எண், கையெழுத்து. பார்க்க நிஜம்போல் இருக்கட்டும் என்று நடுவில் நான் ஒரு வரி சேர்த்தேன்: வாங்குபவருக்கு என்ன உறவு.

அவருக்குப் போன் போட்டு முகவரியையும் நேரத்தையும் சொன்னேன். சனிக்கிழமை நாங்களே வேன் பிடித்து மெஷினை எடுத்துப் போனோம். சாவி செய்கிற கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஓர் அறை. எதிர்ச் சாரியில் ஒருவர் பையோடு நின்றிருந்தார். எப்போது வந்து நின்றாரோ. அடையாள அட்டையை வாங்கிப் பெயரையும் முகத்தையும் சரிபார்த்தேன். அவர் மூக்கு கண்ணாடிக்குக் கீழே வேர்த்திருந்தது.

அவள் கதவைத் திறந்தாள். அதே மூக்கு. அவரைப் பார்த்தாள். "அங்க வைங்க," என்றாள் எங்களிடம். பழைய ஏமாற்றத்துக்குப் பிறகு பெட்டி திறப்பதை வீடியோ எடுக்காமல் நாங்கள் எதையும் ஒப்படைப்பதில்லை. நாத்தனார் எடுத்தாள். அவளும் அந்தப் பெண்ணும் இரண்டே நிமிடத்தில் டென்ஷன் குமிழைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர் நிலைப்படி அருகிலேயே நின்றார்.

படிவத்தை நீட்டினேன். பெயர் எழுதினார், எண்கள் எழுதினார். உறவு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"இங்க என்னம்மா எழுதட்டும்?" என்று அவளைக் கேட்டார்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "என்னைக் கேட்டா? என்ன உறவோ அதை எழுதுங்க."

"நீ சொல்லு."

நூல் ஊசிக் காதில் நுழையாமல் மூன்று தடவை நழுவியது.

"அப்பான்னு எழுதுங்க," என்று எரிந்து விழுந்தாள். "இதைக்கூடவா நான் சொல்லணும்?"

எழுதினார். எழுத்து கோடு தாண்டிப் போயிற்று. கையெழுத்தும் போட்டு, பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, பையை எடுத்தார்.

"அப்ப நான் கிளம்பட்டுமா?"

அவள் மெஷினைச் சுற்றி வந்து ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"இது என்ன கனம் கனக்குது, ஜன்னல்கிட்ட தள்ளணும், நான் ஒருத்தியா தூக்குவேன்? பையைக் கீழ வெச்சுட்டு அந்தப் பக்கம் பிடிங்கப்பா."

அவர் பையைக் கீழே வைத்தார்.