மாவுக்கட்டுக்குள் எறும்பு

அம்மாவாசையின் மாவுக்கட்டுக்குள் எறும்பு சாரை சாரையாகப் போவதை முதலில் பார்த்தவர் டாக்டர்தான். குனிந்து மோந்தார். முகம் செத்துவிட்டது. ஆலையில் பெல்ட் இழுத்து நொறுக்கிய வலது மேற்கை அது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு வந்த இந்த டாக்டர், அழுகிய எலும்பை ஒரு சாண் நீளத்துக்கு எடுத்துப் போட்டுவிட்டு, அவன் காலிலிருந்தே எலும்பு வெட்டி அங்கே வைத்து, தகடும் திருகாணியும் போட்டு முடுக்கியிருந்தார். இதுவும் அழுகினால் கையையே எடுக்க வேண்டியதுதான் என்று அப்போதே சொல்லியிருந்தார்.

ரம்பத்தால் மாவுக்கட்டைச் சதுரமாக அறுத்துத் திறந்தார்கள். சீழ் இல்லை. உளுத்தம்மாவில் குழைத்த முட்டை நாறிப்போய், தையல் ஓரம்வரை இறங்கியிருந்தது. எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர் போடும் பத்து.

"ஏம்மா, நீ ஊத்துனியா?"

கன்னியம்மாள் கட்டிலில் கிடந்த புருஷனைப் பார்த்தாள். ஊற்றச் சொன்னவன் அவன். தகடும் திருகாணியும் எலும்பை ஒட்டவைக்குமா என்று நச்சரித்து, வேண்டாங்க என்று அவள் கையைப் பிசைந்தபோது வள்ளென்று விழுந்து, கோழி இறகால் உள்ளே விடச் சொன்னவன். இப்போது சொன்னால் டாக்டர் கைகழுவிவிடுவாரோ என்று கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"நான்தாங்க. புத்தி கெட்டுப்போயி ஊத்திட்டேன்."

வார்டே பார்க்க அவளை வெளுத்து வாங்கினார் டாக்டர். கை பிழைக்குமா என்று பத்து நாளில் தெரியும், அதுவரை உள்ளே கால் வைக்கக் கூடாது என்று விரட்டினார். இத்தனை நாளும் அவனுக்கு வேட்டிகூடக் கட்டிவிட்டவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஆம்பளையாம் ஆம்பளை என்று அவனுக்கே தன்மேல் காறித் துப்பத் தோன்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மத்தியானம் வார்டு ஆள் சின்னக்கண்ணு சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்து வைத்தார். உப்பளத்து வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள், போகச் சொன்னாலும் போகாமல் ஆஸ்பத்திரி கேட்டோரம் வெயிலில் நிற்கிறாள் என்றார்.

இடது கையால் தின்பது அவனுக்குக் கேவலம். இத்தனை நாளும் அவள்தான் ஊட்டினாள். தூக்கைத் திறந்தான். குழம்புச் சோற்றை, எடுக்க வாகாகச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து அடுக்கியிருந்தாள்.

ஒன்றை எடுத்தான். வாய்வரை போகவில்லை.

"டாக்டரு மறுபடி எப்ப வருவாரு?"

"சாயந்தரம். இன்னாத்துக்கு?"

"அவருகிட்ட ஒண்ணு சொல்லணும்." உருண்டையைப் பிடித்தபடியே இருந்தான். குழம்பு மணிக்கட்டில் வழிந்தது. கட்டில்மேல் திரிந்த எறும்புகள் திரும்பி, அந்தக் கையில் ஏறத் தொடங்கின.