சில்லைகளுக்கு முதல் பிடி

உரலடியில் நொய் பொறுக்க வரும் நெருப்புச் சில்லைக் குருவிகள் இரண்டும் தன் பிள்ளைகள் என்பதில் நியேலேவுக்குச் சந்தேகமே கிடையாது. செக்கச் சிவந்த ஆண், மகன் பாக்காரி. மண் நிறத்தில், விலாவில் வெள்ளைப் புள்ளி வைத்த பெட்டை, மகள் சிரா. போன கோடையில் மணல்வாரி அம்மை கண்டு ஒரே வாரத்தில் போனவர்கள். செத்த குழந்தையின் உயிர் சில்லையில்தான் வந்து உட்காரும் என்பதால் அந்த ஊரில் யாரும் அதைக் கல்லால் அடிப்பதில்லை. ஆனாலும் புருஷனின் மூத்த தாரம் ஜெனெபாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி, அண்ணனும் தங்கச்சியும் ஜோடி போட்டுத் திரியுமா?"

"உசுரு உக்கார ஒரு எடம் வேணும்க்கா. உடம்பு யாருதா இருந்தா என்ன."

குதிர் காலியாகி இருபது நாளாயிற்று. விதைக்கென்று அரசாங்கம் கொடுத்த கம்பு ஒரு மூட்டை இருந்தது, எறும்பு தின்னாமலிருக்க ரோஸ் நிற மருந்து பூசியது. விதைக்கலாமென்றால் மழை ஏமாற்றிவிட்டது. மூன்று தண்ணீரில் அலசினால் மருந்து போய்விடும் என்றார்கள் ஊர்ப் பெண்கள். சாயம் போனால் விஷமும் போனதாகக் கணக்கு. வயிறு காய்ந்தால் புத்திக்கு அவ்வளவுதான் எட்டும்.

நியேலே நான்கு தண்ணீரில் அலசினாள். காயவைத்து இடித்து, வழக்கம்போல் முதல் பிடியைச் சில்லைகளுக்கு இறைத்துவிட்டுக் களிக்குப் பானையை ஏற்றினாள். மிஞ்சியிருந்த ஒரே மகள் வஸ்ஸா அடுப்பை விட்டு நகரவில்லை. ஜெனெபாவின் மூன்று பிள்ளைகளும் சுரைக்கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டன.

களி இறுகிவரும் நேரம், ஆண் சில்லை முறத்தருகே குப்புற விழுந்தது. ஒரு இறக்கை மட்டும் கொஞ்சம் மண்ணைக் கீறியது. நியேலே கையில் எடுத்தபோது தலை தொங்கிவிட்டது. போன தடவை நோய் கொண்டுபோனது, இந்தத் தடவை நானே ஊட்டிக் கொன்றேன் என்று நினைத்தாள்.

நேரே போய்ப் பானையை எட்டி உதைத்தாள். களி மண்ணில் சரிந்தது. பிள்ளைகள் நாலும் ஓவென்று அழ, ஜெனெபா அவள் கன்னத்தில் அறைந்தாள்.

"குருவி வெயில்ல செத்ததுக்கு எம் புள்ளைங்க பட்டினி கெடக்கணுமா? ஒன்னோடதுதான் போச்சு, என்னோடதும் போகணுமா?"

மேலாகக் கிடந்த களியை ஜெனெபா கிண்ணத்தில் வழிக்கக் குனிந்தாள். நியேலே வஸ்ஸாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் மண்ணை அள்ளி அள்ளி அதன்மேல் போட்டாள்.

அப்போதுதான் பெட்டைச் சில்லை ஜெனெபாவின் காலடிவரை தத்தி வந்தது. அங்கேயே சாய்ந்து, கால் விறைத்து, அடங்கியது.

ஜெனெபா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தன் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்து வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. பிறகு அந்தக் குருவியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எதுடி?" என்று கேட்டாள். "பெரியவனா, சின்னவளா?"

"சின்னவக்கா," என்றாள் நியேலே. "அவ எப்பவும் மெதுவாத்தான் சாப்பிடுவா."