மூன்று மறதிக்காரிகள்

விடியற்காலை ஐந்து மணிக்கே எல்லம்மாள் முழங்கால் வரைக்கும் மூத்திரத் தண்ணீரில் நின்றாள். சிமெண்டுத் தொட்டியில் பதினேழு பேருடைய படுக்கைத் துணி ஊறிக் கிடந்தது. ஒரு கை சோடாத்தூள், ஒரு மூடி பினாயில், அப்புறம் மிதி மிதியென்று மிதிக்க வேண்டும். குதிகால் வெடிப்பில் பினாயில் இறங்கினால் உச்சந்தலை வரைக்கும் எரியும். தூக்கம் கலைய இதைவிட ஸ்டிராங்கான காப்பி திருவண்ணாமலையில் எந்தக் கடையிலும் கிடையாது என்பாள்.

"அக்கா, எனக்கு இன்னா வயசு?" என்றாள் கஸ்தூரி, துணியைப் பிழிந்தபடி.

"அதெல்லாம் இன்னிக்கு நமக்குத் தெரியக் கூடாதுடி. ஒத்திகைய மறந்துட்டியா?"

"மறந்தாத்தான நல்லது!"

மூத்தவளான ராணியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

மூவரும் கிரிவலப் பாதையிலிருந்த முதியோர் இல்லத்தில் ஆயாக்கள். ஞாபகம் அழிந்துபோனவர்களுக்கான இல்லம் அது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்ற வரும் லட்சம் பேரில் இரண்டொரு கிழடுகள் மட்டும் ஊர் திரும்பாது. "இங்கயே உக்காருப்பா, தண்ணி வாங்கியாறேன்" என்று போன மகன் இன்னும் தண்ணி வாங்கிக்கொண்டே இருப்பான்.

முன்பு ஆயாக்கள் ஆறு பேர். ஆடி மாதம் முதலாளி கோதண்டராமன் மூன்று பேரை நிறுத்திவிட்டு, அவர்களுக்குப் பதிலாகக் கிழிந்த வேட்டிகளைக் கொண்டுவந்து போட்டார். "நடமாடறதுங்கள கட்டிலோட கட்டிடுங்க." கட்டினார்கள். ஆனால் அது பொய்க்கட்டு. பார்வைக்கு மூன்று சுற்று; நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்து விழும். மூவரும் பேசி வைத்துக்கொண்ட முடிச்சு.

ராஜமாணிக்கம் என்கிற பழைய பஸ் கண்டக்டர் அந்த நுனியைக் கண்டுபிடித்துவிட்டார். "போளூர், போளூர்" என்று கூவிக்கொண்டு ரோடு வரைக்கும் போய்விட்டார். அன்றைக்குக் கோதண்டராமனே நைலான் கயிறு எடுத்து அவர் வலது கையை இறுக்கிக் கட்டினார். "நான் சொல்ற வரைக்கும் எவளும் தொடக் கூடாது. தொட்டா வேலை இல்ல." சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனவர், கட்டியதையே மறந்துவிட்டார். அந்த இல்லத்தில் மறதிக்காக யாரும் கட்டி வைக்காத ஆள் அவர் ஒருவர்தான்.

எல்லம்மாள் மூன்று தடவை அந்தக் கட்டிலுக்குப் போனாள். தண்ணீர் புகட்டினாள். மூன்று தடவையும் கயிற்றைத் தொடாமல் திரும்பினாள். மறுநாள் சாயங்காலம் விரல்கள் கறுத்திருந்தன. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் இன்னும் அங்கேதான் இருந்தார்.

நேற்று முதலாளி மூவரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"டெல்லியில வயசானவங்களுக்குன்னு கொள்கை போட்டிருக்காங்க. மறதி நோய்க்குத் தனி உதவியாம். நாளைக்கு அதிகாரி வர்றாரு."

"டெல்லிக்கே நம்ம ஞாபகம் வந்துடுச்சுங்களா?" என்றாள் எல்லம்மாள்.

"வாயக் கொற. இருபது பேர் இருந்தாத்தான் உதவி. பதினேழுதான் இருக்குது."

"மூணு கம்மிங்களே."

"அந்த மூணு நீங்கதான். கட்டில்ல படுங்க. எது கேட்டாலும் தெரியலன்னு சொல்லுங்க."

"அப்ப ஆயா வேலைக்கு?" என்று கேட்டாள் ராணியம்மாள்.

"என் மச்சினிங்க மூணு பேரு வெள்ளப் பொடவையில வருவாங்க."

"பீ அள்ளுவாங்களா?" என்றாள் கஸ்தூரி.

"அதிகாரி இருக்கப் போறது அரை மணி நேரம். அதுக்குள்ள எவனும் போவ மாட்டான்." ஒரு காகிதத்தை விரித்தார். "எல்லம்மா, வேலைக்குச் சேரும்போது வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டியே, ஞாபகம் இருக்குதா? இப்ப அதுல எழுத்து இருக்குது. ராஜமாணிக்கத்தின் கையை எல்லம்மாளாகிய நான்தான் கட்டினேன்னு. நாளைக்கு ஒழுங்கா மறந்தேன்னா கிழிச்சுப் போட்டுடறேன். இல்லேன்னா ஸ்டேஷனுக்குப் போவுது."

ஜெயில் என்ற சொல்லை வைத்து எல்லம்மாளால் ஒரு தமாஷும் செய்ய முடியவில்லை.

பத்து மணிக்கு மச்சினிகள் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார்கள். அவர்களுக்குக் கட்டத் தெரியாததால் ஆயாக்களே ஒருத்தியை ஒருத்தி கட்டிலோடு கட்டினார்கள். கடைசியில் எல்லம்மாள் தன் முடிச்சைத் தானே பல்லால் கடித்துப் போட்டுக்கொண்டாள்.

படுத்ததும் ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. விரட்டக் கை இல்லை. எனக்கு அரை மணி நேரம் என்று நினைத்தாள். அந்த மனுஷனுக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல்.

அதிகாரி கட்டில் கட்டிலாக வந்தார். கையில் தடித்த ஃபைல்.

"இது எந்த ஊரும்மா?"

"தெரியல" என்றாள் கஸ்தூரி.

"உங்களுக்கு எத்தன பசங்க?"

"தெரியல" என்ற ராணியம்மாளின் கண் நிரம்பி வழிந்தது. அதிகாரி 'முற்றிய நிலை' என்று எழுதிக்கொண்டார்.

எல்லம்மாளிடம் வந்தவர், கட்டைப் பார்த்துக் குனிந்தார். "ரொம்ப இறுக்கமா இருக்குதாம்மா?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. யாரும் ராஜமாணிக்கத்திடம் கேட்காத கேள்வி, அவளும் கேட்கவில்லை. அவள் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். துணி தரையில் விழுந்தது.

"இது பொய்க்கட்டு சார். நெசக்கட்டு வாங்கின ஆளு ஆஸ்பத்திரியில கீறாரு, கை இல்லாம."

"முத்திப்போச்சு சார்!" கோதண்டராமன் சிரித்தார். "இந்த நோயே இப்படித்தான், இல்லாத கதையெல்லாம் வரும். பேரே தெரியாதவ பேச்ச எடுத்துக்காதீங்க."

அதிகாரியின் பேனா தாளை நோக்கி இறங்கியது. உண்மையைச் சொல்லியும் எல்லம்மாள் பைத்தியமாகத்தான் எழுதப்படப் போகிறாள்.

பக்கத்துக் கட்டிலில் துணி உதறும் சத்தம் கேட்டது.

"நான் கஸ்தூரி. ஊரு அடி அண்ணாமலை. எட்டாவது பாஸ். இன்னிக்கு வியாழக்கிழமை. நாங்க மூணு பேரும் ஆயாங்க சார்."

"எனக்கு மூணு பசங்க" என்று எழுந்து நின்றாள் ராணியம்மாள். "பெத்ததுங்கள இல்லன்னு சொல்ல வச்சிட்டாரே, பாவி!"

"நான் எல்லம்மா" என்றாள். "கட்டினவரு இவரு. அவுக்காம பாத்துக்கினு இருந்தவ நானு. ரெண்டையும் எழுதிக்குங்க. அந்தக் கொள்கையில ஆயாங்களப் பத்தி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அதிகாரி பேனாவை மூடினார். "எண்ணிக்கை பாக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. புகார்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க." ஃபைலில் மூன்று பெயரை அடித்துவிட்டு, பதினேழு என்று திருத்தினார். ஜீப் கிளம்பியது. மச்சினிகள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள்.

"வெளிய போங்கடி!" கோதண்டராமன் கத்தினார். "காகிதம் இன்னிக்கே ஸ்டேஷனுக்குப் போவுது!"

"போவட்டும். எங்க ரெண்டு பேரு பேரையும் சேத்துக்குங்க" என்றாள் கஸ்தூரி. "மத்தியான சோறு ஆவணும். நீங்க ஊட்டுவீங்களா?"

கோதண்டராமன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஸ்கூட்டர் கண்ணில் மறைந்ததும் கஸ்தூரியும் சைக்கிளை எடுத்தாள். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட மூன்று பேரையும் சாயங்காலத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள். "எங்களத் தொரத்தினப்ப நீங்க மூணு பேரும் வாயத் தொறக்கலியே" என்றாள் அவர்களில் ஒருத்தி, வாசலிலேயே நின்று.

"தொறக்கலதான்" என்றாள் எல்லம்மாள். "தப்புதான்."

வாசலில் நின்றவள் உள்ளே வந்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகினாள். "யாருக்கெல்லாம் இன்னும் ஊட்டல?"

ஏழாவது கட்டிலில் எல்லம்மாள் ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தபோது, வாசலில் போலீஸ்காரர் வந்து நின்றார். "எல்லம்மாள் யாரும்மா?"

வார்டில் கரண்டிச் சத்தம் நின்றது. எல்லம்மாள் கையைக் கழுவினாள். வாய்க்குள் ஒரு தமாஷ் வந்தது, முழுங்கிவிட்டாள்.

ராணியம்மாள் தட்டை வாங்கி, திரும்பி வந்த ஆயாவிடம் கொடுத்தாள். டூட்டி பிரிக்கிற தோரணையில் சொன்னாள்:

"மூணு பேரு சோத்துக்கு. மூணு பேரு ஸ்டேஷனுக்கு. திங்கட்கிழமை மனுவுக்கு ஆளு மாத்திக்கலாம். நட எல்லம்மா."