அந்த போன் பூத் சிவப்பில்லை

க்ளெண்டா ஸ்டாதர்ஸ் அன்றைக்குக் கோட்டைக் கழற்றவே இல்லை. பப்பின் பின்னறையில் ஹீட்டர் அனலைக் கக்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பீரும் சிப்ஸுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் கதவோரத்து நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். எழுந்து போக நேர்ந்தால் யார் காலையும் மிதிக்காமல் போய்விடலாம் என்றுதான் அந்த இடத்தைப் பிடித்திருந்தாள்.

ஹல் நகரத்துக் 'கலங்கரை' ரசிகர் மன்றத்தில் அவள் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. காலத்துக்குள் பயணம் போகிற ஒரு கலங்கரை விளக்கம், அதைக் காவல் காக்கிற விளக்குக்காரி, போகிற இடமெல்லாம் விதவிதமான அரக்கர்கள் என்று அரை நூற்றாண்டாக ஓடுகிற தொடர் அது. மன்றத் தலைவர் நெவில் சடபி. கேஸ் அடுப்பு பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பாகத்தில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பது வரை சொல்லுவார்.

ஆறு மாதத்துக்கு முன்னால், ஏப்ரலில், அவர்தான் செய்தித்தாளை மேஜைமேல் விரித்துப் போட்டார். "பாருங்கப்பா. கலங்கரைக்காரங்க நம்ம ஊருக்கே வர்றாங்க. 'லேடி மேவிஸ்' கதையை எடுக்கப்போறாங்களாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். க்ளெண்டா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

லேடி மேவிஸ் ஒரு மீன்பிடிக் கப்பல். 1966 ஜனவரியில் ஐஸ்லாந்துப் பக்கம் போனது, திரும்பவில்லை. பத்தொன்பது பேர். கப்பலில் வயர்லெஸ் வேலை செய்யவில்லை, அதனால் உதவி கேட்க வழியில்லை. வயர்லெஸ்காரர் புறப்படுவதற்குச் சற்று முன்னால் இறங்கிப் போய்விட்டார். குடித்துவிட்டு ஓடிப்போனான் என்று கப்பல் கம்பெனி சொன்னது. ஊரும் அதையே சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இறங்கிப்போன வயர்லெஸ்காரர் வில்ஃப் ப்ளெங்கின். க்ளெண்டாவின் அப்பா.

அப்போது அவளுக்கு எட்டு வயது. ஹெஸில் ரோட்டில் அவர்கள் வீட்டுக் கதவில் யாரோ மீன் குடலை எறிந்திருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் குடும்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நகரத்தின் கிழக்கு முனைக்குப் போனது. அப்பா ஒரு சின்னக் கடை பிடித்து டிவி ரிப்பேர் செய்தார். அங்கேதான் 'கலங்கரை' அவளுக்கு அறிமுகம். சனிக்கிழமை சாயங்காலம், பழுது பார்த்து முடித்த யாரோ ஒருவருடைய டிவியில், கடையின் பின்கட்டில் அப்பாவும் அவளும் மட்டும் பார்ப்பார்கள். ஒவ்வொரு வாரமும் வேறு டிவி. சிலதில் விளக்குக்காரி பச்சையாகத் தெரிவாள், சிலதில் மூஞ்சி நீண்டு தெரிவாள்.

அந்த ராத்திரியைப் பற்றி அப்பா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "செட்டு செத்துக் கிடந்துச்சு. சொன்னேன். யாரும் கேக்கல." அவ்வளவுதான். பதினாலு வயதில் ஒரு நாள் அவரிடம் ரம் வாடை அடித்தது. அன்றிலிருந்து ஒரு வருஷம் முழுக்க க்ளெண்டா ஊர் சொன்னதை நம்பினாள். சனிக்கிழமைகளில் கடைக்குப் போகாமல் இருந்தாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. பிறகு தானாகவே போக ஆரம்பித்தாள். அந்த ஒரு வருஷத்துக்கு மன்னிப்புக் கேட்கவே இல்லை. 1989-ல் அவர் போய்ச் சேர்ந்தார்.

மன்றத்தில் அவள் திருமதி ஸ்டாதர்ஸ். அவள் யார் மகள் என்று யாருக்கும் தெரியாது. சேர்ந்த முதல் மாதமே நெவில், "எங்க லென் மாமா லேடி மேவிஸ்ல போனவரு," என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

இன்றைக்குப் பப்பின் டிவியில் அந்தப் பாகம் சரியாக ஆறரைக்கு ஆரம்பித்தது. கலங்கரை, பனிமூட்டத்துக்குள் துறைமுகத்தில் வந்து நின்றது. கப்பலின் பெயரை மாற்றவில்லை, ஆட்களின் பெயரை மாற்றியிருந்தார்கள். வயர்லெஸ்காரராக வந்த நடிகர் ஆறடி உயரம், வாயில் சிகரெட். அப்பா ஐந்தடி நாலு அங்குலம், சிகரெட் தொட்டதில்லை. இது அவர் இல்லை, யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொண்டபோது க்ளெண்டாவுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

அந்த யாரோ ஒருவர் செட்டைத் திருகிப் பார்த்தார். உயிரில்லை. கரையிலிருந்த போன் பூத்துக்குள் போய்க் கம்பெனிக்குப் பேசினார். "அலை திரும்பப்போகுது, கிளம்புங்க," என்றது மறுமுனை. திரும்ப வந்து ஆட்களிடம் சொன்னார். சிரித்தார்கள். இறங்கிவிட்டார். அவர் இறங்கியதை விளக்குக்காரி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கூட இருந்த பெண் கெஞ்சினாள், "ஏதாவது செய்யுங்க." விளக்குக்காரி தலையை ஆட்டினாள். நடந்ததை நடக்காததாக்க அவளால் முடியாது, அதுதான் ஆரம்பத்திலிருந்தே அவளுக்கு விதி. அரக்கன் வரவில்லை, வேற்றுகிரகத்து ஜந்து ஒன்றுகூட வரவில்லை. கப்பல் போயிற்று. கடைசியில் வழக்கமான இசையும் இல்லை. பெயர்கள் சத்தமில்லாமல் ஓடின.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாஷா மூக்கை உறிஞ்சினாள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ், மன்றத்தில் இளையவள். நெவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், தொண்டையைச் செருமினார்.

க்ளெண்டா கைப்பையின் வாரை முறுக்கினாள். இதோ வருகிறது.

"பூத் சிவப்பா இருக்கு," என்றார் நெவில்.

"என்னது?" என்றாள் டாஷா.

"போன் பூத்தும்மா. நாடு பூரா சிவப்பு, இந்த ஊர்ல மட்டும்தான் க்ரீம் கலர். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மூணு வாரம் இங்கேயே தங்கிப் படம் எடுத்திருக்கானுங்க, கண்ணை எங்க அடகு வெச்சிருந்தானுங்களோ."

"பஸ் நம்பரும் தப்பு," என்றது பின்வரிசை.

"அந்த பேக்கரி அந்த முக்குலயா இருந்துச்சு? எதிர்ப்பக்கம்ல?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பேசத் தொடங்கினார்கள். டாஷா போனை எடுத்து உலகத்து ரசிகர்கள் எழுதிக்கொண்டிருந்ததை வாசித்தாள். "ஒருத்தன் கேக்கறான், 'அரக்கன் எங்கே? நான் அரக்கனுக்காகத்தான் டிவி வரி கட்டறேன்.' இன்னொருத்தர், 'இது கலங்கரையா, எட்டாங்கிளாஸ் பாடமா?' இது கனடாலேர்ந்து, 'என் தாத்தாவும் கடல்ல போனவர், இப்பதான் எங்கம்மாவுக்கு போன் பண்ணினேன்.' இந்த ஆள், 'விளக்குக்காரி கோட்டுல போன வாரம் அஞ்சு பொத்தான், இந்த வாரம் நாலு.'"

"நாலுதான்," என்றார் நெவில் கறாராக. "நானும் எண்ணினேன்."

க்ளெண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மாதம். ஆறு மாதமாக அவள் தூங்காமல் புரண்டது என்ன, இன்றைக்கு ஊர் மறுபடியும் அப்பா முகத்தில் காறித் துப்பும் என்று பயந்தது என்ன. இவர்கள் பெயிண்ட் கலருக்கும் பொத்தானுக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நல்ல கிறுக்கர்களை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. கோட்டின் மேல் பொத்தானைத் தளர்த்தினாள்.

அப்போதுதான் டாஷா சொன்னாள். "எனக்கு ஒரே ஒரு குறைதான். அந்த வயர்லெஸ்காரரை ரொம்ப நல்லவராக் காட்டிட்டாங்க. எங்க வீட்டுல எல்லாம், குடிச்சிட்டு ஓடின ஆளுன்னுதான் சொல்வாங்க. எழுதினவங்களுக்கு ஒரு உத்தமன் தேவைப்பட்டிருக்கு, உண்டாக்கிட்டாங்க."

க்ளெண்டாவின் கை பொத்தானிலேயே நின்றது.

"இல்ல," என்றார் நெவில்.

அவர் குரல் மாறியிருந்தது. பூத்துக்குச் சண்டை போட்ட குரல் இல்லை.

"உண்டாக்கினது இல்லம்மா. லென் மாமா அன்னிக்குக் கப்பல் ஏறினவரு, புகையிலையை மறந்துட்டேன்னு வீட்டுக்கு வந்துட்டுப் போனாரு. அப்ப எட்னா அத்தைகிட்ட சொல்லியிருக்காரு. 'வில்ஃப் இறங்கிட்டான். செட்டு செத்துக் கிடக்காம். எங்களையும் இறங்கச் சொல்லி ஒவ்வொருத்தர் கையா புடிச்சுக் கேட்டான். பச்சைத்தண்ணி குடிச்ச மாதிரி தெளிவா இருந்தான். நாங்கதான் கேலி பண்ணி அனுப்பிட்டோம்.' சொல்லிட்டுச் சிரிச்சிருக்காரு. சிரிச்சுக்கிட்டே போயிருக்காரு."

"அப்புறம் ஏன் யாரும் சொல்லல?" டாஷாவின் குரல் இறங்கியிருந்தது.

"எப்படிச் சொல்வாங்க? சொன்னா, எச்சரிக்கை வந்தும் என் புருஷன் போனார்னு ஆகும். நாலு பிள்ளைங்களை விட்டுட்டுத் தெரிஞ்சே போனார்னு ஆகும். அதைவிட ஒருத்தன் தலைல பழியைப் போடறது சுலபம். அத்தை என்கிட்ட மட்டும் சொன்னாங்க, அதுவும் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டு. இன்னிக்கு மத்தியானம் அவங்களே போன் பண்ணினாங்க. 'டிவிலயே வந்துட்டா இனிமே நீயும் சொல்லலாம்டா'ன்னாங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். க்ளெண்டா எழுந்தாள். கதவு ரெண்டு எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. போகவில்லை.

"வில்ஃப் ப்ளெங்கின்," என்றாள். "அவர் என் அப்பா."

டாஷாவின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ க்ளெண்டா, நான் இப்ப..."

"நீ என்ன செய்வே, உன் வீட்டுல சொன்னதைச் சொன்னே. நானே ஒரு வருஷம் அப்படித்தான் நெனச்சிருந்தேன்." அதைச் சத்தமாகச் சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சொன்னால் செத்துவிடுவோம் என்று நினைத்த விஷயம். ஹீட்டர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நெவில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கே."

"நீ முதல் மாசமே லென் மாமான்னு ஆரம்பிச்சுட்டே. அதுக்கப்புறம் நான் எப்படி நெவில் சொல்றது?"

"நானும் வாயில கொழுக்கட்டையை வெச்சிருந்துட்டேனே." கண்ணாடியை மறுபடி கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. போனை எடுத்து, அங்கேயே நின்று பேசினார். "அத்தை, பாத்தியா? ... ஆமா, பூத்து சிவப்புதான், நானும் பாத்தேன். அதை விடு. வில்ஃப் ப்ளெங்கினோட பொண்ணு என் பக்கத்துல நிக்குது." பிறகு போனை மடக்கினார். "கெட்டில் வெச்சாச்சாம். வரச் சொல்றாங்க."

ஐந்து நிமிஷ நடை. எட்னா அத்தைக்கு எண்பத்து நாலு வயது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வாக்கரைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தார். க்ளெண்டாவின் முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"அவரோட நெத்தி," என்றார். "உள்ள வா கண்ணு."

டீ கறுப்பாக இருந்தது, சர்க்கரை கேட்காமலே ரெண்டு ஸ்பூன் விழுந்திருந்தது. அத்தை சுற்றி வளைக்கவில்லை.

"கப்பல் போன மூணாவது வாரம் உங்கப்பா இங்க வந்தாரு. கதவைத் தட்டினாரு. நான் ஜன்னல் சீலைக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், திறக்கல. மழையில தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னாரு. அவர் மேல தப்பு இல்லன்னு அப்பவே தெரியும் எனக்கு. தெரிஞ்சேதான் திறக்கல. மன்னிப்பு எல்லாம் கேக்க எனக்கு யோக்யதை இல்ல. உனக்கு இது தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

க்ளெண்டாவுக்குக் கோபம் வரும் என்று தோன்றியது. அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. அப்பா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார், அதைக் கேட்ட ஆள் ஒருவர் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே நெஞ்சு முழுக்க நிறைந்திருந்தது. கோபத்துக்கு அங்கே இடமில்லை.

"நானும் அவருக்கு ஒரு வருஷம் கதவைத் திறக்கலதான்," என்றாள். கடையைப் பற்றியும் சனிக்கிழமைகளைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுதாள். நெவில் சமையலறையில் போய் ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பைகளை மறுபடி கழுவினார்.

"ஏண்டி, அந்த விளக்குக்காரி எப்பவும் இப்படி நனைஞ்சுக்கிட்டேதான் திரிவாளா?" என்று கேட்டார் அத்தை, அவள் அடங்கின பிறகு. "ஒரு குடை வாங்கக் கூடாது?"

"குடை எல்லாம் அவங்க கதைல கிடையாது அத்தை," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நீ சும்மா இரு. நான் அவளைக் கேக்கறேன்."

க்ளெண்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து சொன்னாள். விளக்குக்காரி யார், எங்கிருந்து வந்தாள், ஏன் அவளால் நடந்ததை மாற்ற முடியாது என்றெல்லாம். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாத்த முடியாதுன்னா எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்?" என்றார்.

"பாக்கறதுக்கு," என்றாள் க்ளெண்டா. "யாராவது ஒருத்தர் பாத்திருக்கணும்ல."

அத்தை பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

எட்டரைக்குக் கிளம்பினாள். கொண்டுவிடுகிறேன் என்ற நெவிலை வேண்டாம் என்றாள். பஸ் ஸ்டாப்பில் நிற்காமல் ஹெஸில் ரோட்டிலேயே நடந்தாள். எட்டு வயதிலிருந்தே அந்தத் தெருவில் தலையைக் குனிந்துகொண்டே போய்ப் பழக்கம். இன்றைக்கு ஒவ்வொரு கடையின் பெயர்ப்பலகையையும் வாசித்துக்கொண்டு போனாள். சிப்ஸ் கடையிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே போய் மீனும் சிப்ஸும், பெரிய பொட்டலமாகக் கேட்டாள்.

கடைக்காரன் வினிகரைத் தூக்கிக் காட்டினான். "நெறய ஊத்தவா?"

"ஊத்துப்பா," என்றாள். அங்கேயே வாசலில் நின்று, சுடச்சுடத் தின்ன ஆரம்பித்தாள்.