நாலு பேருக்கு ஒரு செருப்பு

"என்ன வேணும்னு கேளு புள்ள. ஏலுமானதச் செஞ்சு தர்றேன்."

"இப்ப வேணாங்க. அப்பறமா சொல்றேன்."

பூனாகலையிலிருந்து சிவசக்தி வாழ்க்கைப்பட்டு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அவளுக்கும் கணபதிக்கும் நடந்த பேச்சு அது. மூன்று வருடமாகியும் அந்த 'அப்பறம்' வரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் விடாமல் கேட்பான். "தோடா? பதுளைக்குப் போய்ப் படம் பாக்கணுமா?" அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். அம்மா வீட்டில் இருந்த ஒன்று இங்கே இல்லை. அதைப் புருஷனிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

இப்போது அவளுக்கு ஐந்து மாதம். கொழுந்துக் கூடையோடு மேடு ஏறினால் கண் இருட்டியது. இரத்தம் இப்படியே குறைந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று மருத்துவிச்சி எச்சரித்திருந்தாள்.

அன்று, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் கிளினிக். கர்ப்பிணிகளின் வயிற்றில் புழு இருக்கிறதா என்று மலத்தைச் சோதித்துப் பார்க்க டாக்டர் சுலோஜனா வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"செருப்புப் போடுறனீங்களோ?"

"போடுறேங்க, டாக்டரம்மா." சிவசக்தி காலை நீட்டிக் காட்டினாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். நீலச் செருப்பு, அறுந்த வாரைக் கம்பியால் கட்டியிருந்தது. "இந்தக் கம்பியை முதல் வந்த ரெண்டு பேரின்ர காலிலயும் கண்டனானே!"

வாசலில் நின்ற ரெங்கம்மா, நிறைமாத வயிற்றோடு குலுங்கிச் சிரித்தாள். "அது என் செருப்புங்க. வெறுங்காலோட வந்தா ஏசுவீங்கன்னு மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டோம். ஏய், சீக்கிரம் கழட்டுடி, இன்னும் ஒருத்தி நிக்கிறா!"

டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாருக்கும் செருப்பு இருக்கெண்டு எழுதிப்போட்டு, பிறகேன் புழு வந்ததெண்டு மண்டையை உடைச்சுக்கொண்டிருந்தன்."

"எனக்கும் புழு இருக்குங்களா? காட்டுவீங்களா?" என்று கேட்டாள் சிவசக்தி.

காலையில் அவள் கொடுத்தனுப்பிய மலத்தைத்தான் மைக்ரோஸ்கோப்பில் வைத்திருந்தார் டாக்டர். சிவசக்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கண்ணாடி மணிபோலச் சின்னச் சின்ன முட்டைகள். அருவருப்பைவிட ஆச்சரியமே பெரிதாக இருந்தது.

"இது எப்படிங்க உள்ள போச்சு?"

"காலால. முட்டை மண்ணில பொரிக்கும். குஞ்சுப் புழு வெறுங்காலைத் துளைச்சுக்கொண்டு போய், குடலில இருந்து இரத்தம் குடிக்கும்."

"மண்ணுக்கு எப்படிங்க வந்துச்சு?"

"நீங்கள் கக்கூசுக்கு எங்க போறனீங்கள்?"

சிவசக்தியின் பார்வை கீழ் மலைப் பக்கம் போனது. லயத்துக் கக்கூஸ் இடிந்து எத்தனையோ வருடம். விடியுமுன்னே எல்லோரும் ஒதுங்குவது கீழ் மலைத் தேயிலைக்குள்ளே. கொழுந்து பறிக்க வெறுங்காலோடு இறங்குவதும் அங்கேதான்.

"அப்ப நாங்களே போட்டு, நாங்களே மிதிக்கிறோமா?"

"அதேதான்." டாக்டர் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார். "மூண்டு மாசம் தாண்டினபடியால் இதைக் குடிக்கலாம். ஆனா அதே மண்ணை மிதிச்சால் புழு திரும்பி வரும்."

செருப்பை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தவள், ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். மலைத் தண்ணீர் குழாயாய்க் கொட்டும் பீலியடியில் கணபதி கை கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் வழக்கம்போல் ஆரம்பித்தான்.

"என்னா புள்ள, கீழயே பாத்துக்கிட்டு வாற? கொலுசா? இன்னைக்காவது சொல்லிப்புடு."

அவள் நின்றாள். ஒரு கை தானாக வயிற்றில் படிந்தது.

"கக்கூஸ்ங்க. லயத்துக்குப் பின்னால நமக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தாங்க. வந்த நாள்லேருந்து அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்."