அறுபத்தொரு பேரும் நலம்

எங்கள் ஆய்வறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் நான் இருக்கிறேன். பெயர் போடவில்லை. "நேர்காணல் செய்தவர்களில் ஒருவர்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒருவர் நான்தான். நான் செய்த தப்பு அங்கே நாலு வரியில் இருக்கிறது, நாலு வரியும் எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டாமல் அனுப்புவதில்லை. "செஞ்ச தப்பை ஊருக்கெல்லாம் பிரிச்சுக் காட்டற ஒரே ஆளு நீதான்" என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவர் தொழிலில் தப்பு நடந்தால் காட்டிக்கொள்ள முடியாது, அதனால் என் பெருமை அவருக்குப் புரிவதில்லை.

மனச்சோர்வில் இருப்பவர்களிடம் வாரம் ஒருமுறை ஒரு நர்ஸ் தொலைபேசியில் பேசினால் அவர்கள் தேறுவார்களா என்பதுதான் ஆய்வு. மொத்தம் நூற்றிருபது பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு நர்ஸும் உண்டு, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மாதம் ஒருமுறை அத்தனை பேரையும் அழைத்து எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதற்கு இரண்டு ஆட்கள். ஒருத்தி நான். இன்னொருவரை நான் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவேன், முகத்துக்கு நேராகவே. அதற்கும் அவர் பதில் சொன்னதில்லை. யாருக்கு நர்ஸ் உண்டு, யாருக்கு இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் எங்கள் ஆசை பதிலில் கலந்துவிடும் என்று அப்படி ஓர் ஏற்பாடு.

எங்கள் அறை முன்பு எக்ஸ்ரே எடுத்த அறை. ஜன்னல் கிடையாது. இரண்டு மேசை, இரண்டு தொலைபேசி, ஒரு கடிகாரம். மேசைக்கு மேசை ஓர் அட்டை, அதில் ஒன்பது கேள்விகள். எதிலும் மனம் ஒட்டாமை, தூக்கம், களைப்பு, பசி என்று வரிசையாகக் கேட்க வேண்டும். கடந்த இரண்டு வாரத்தில் அந்தத் தொல்லை இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், அனேகமாகத் தினமும் என்றால் மூன்று. கூட்டினால் இருபத்தேழு வரை போகும். எண் ஏற ஏற ஆள் துவண்டுபோயிருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் நான் தொலைபேசியில் தண்ணீர் வடிகட்டி விற்றவள். பேச்சில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வடிகட்டி ஏற்கனவே வைத்திருக்கிறவரிடமே இன்னொன்று விற்றிருக்கிறேன். எதிர்முனையில் மௌனம் விழ விடக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலில் முதல் பாடம். அந்த இடைவெளியில்தான் ஆள் யோசிப்பார், யோசித்தால் வேண்டாம் என்பார். அதனால் மூச்சு விடுகிற நேரத்தில்கூட எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் பங்குக்கு அறுபத்தொரு பேர். ஐந்து மாதத்தில் ஒருவர்கூட ஆய்வை விட்டுப் போகவில்லை. ஊமைக்கோட்டானின் ஐம்பத்தொன்பது பேரில் பதினோரு பேர் கழன்றுகொண்டார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? அவர் கேள்வி கேட்டால் மின்கட்டண ரசீதைப் படிக்கிற மாதிரி இருக்கும். என் ஆட்களோ மாதாமாதம் தேறிக்கொண்டே வந்தார்கள். அதிலும் ஐம்பத்தெட்டாம் எண், பூட்டுக்காரர், எல்லாக் கேள்விக்கும் பூஜ்யம்தான் சொல்வார். "உங்க குரலைக் கேட்டாலே பாதி நோய் போயிடுதும்மா" என்பார். இதை வீட்டில் ஒரு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். எனக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது, உண்மையை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் மாதக் கேள்விகள் முடிந்த மறுநாள் தலைமை டாக்டரம்மா அவர் அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் ஆய்வின் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கிற தம்பி உட்கார்ந்திருந்தான். எண்களை அவன் புள்ளி வைக்காமல் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் அவனுக்குத் தசமம் என்று பெயர் வைத்திருந்தேன். பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போனேன்.

"அக்கா, உங்க ஆளுங்க சராசரி அஞ்சு புள்ளி ஒண்ணு. அவரோட ஆளுங்க சராசரி பதினொண்ணு புள்ளி நாலு" என்றான் தசமம்.

"நான்தான் ஆரம்பத்துலேருந்தே சொல்றேனே, அவரை மாத்துங்கன்னு."

"உங்க ரெண்டு பேருக்கும் சீட்டுக் குலுக்கித்தான் ஆளுங்களைப் பிரிச்சோம். டாக்டர் முதல்ல நேர்ல பாத்தப்போ ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான் இருந்துச்சு. இப்ப உங்க பக்கத்துல நர்ஸ் பேசினவங்களும் தேறிட்டாங்க, பேசாதவங்களும் அதே அளவுக்குத் தேறிட்டாங்க. எதனால தேறினாங்க?"

"நான் பேசினதால."

"உங்ககிட்ட பூஜ்யம் சொன்ன அதே வாரத்துல ஒன்பது பேருக்கு அவங்க டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்காரு அக்கா."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா மெதுவாக, ஊசி போடப்போகிற குரலில் சொன்னார்: "உங்க மேல குத்தம் சொல்லலம்மா. உங்க பதிவையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு இருக்கறதை வச்சுப் பாக்கலாம். நீங்க கொஞ்ச நாள் ஃபைலிங் பாத்துக்கங்க."

என் அறுபத்தொரு பேரையும் ஒதுக்கினால் நூற்றிருபது பேரில் மிஞ்சுவது நாற்பத்தெட்டு. அதை வைத்துக்கொண்டு யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது, ஆய்வு அதோடு சரி. கதவை எவ்வளவு ஓசையோடு சாத்தலாமோ அவ்வளவு ஓசையோடு சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினேன். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ கேக்கற மாதிரி கேட்டா, கால் ஒடஞ்சவன்கூட நடக்கறேன்னுதான் சொல்வான்."

"அப்படி என்ன கேக்கறேன்?"

"நேத்து என்கிட்ட என்ன கேட்ட? 'குழம்பு நல்லாத்தானே இருக்கு'ன்னு கேட்ட. நல்லா இருக்குன்னேன். உப்பே இல்ல."

அன்று அவரோடு பேசவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாள் கோப்பு அடுக்கப் போகாமல், ஒலிப்பதிவு அலமாரியைத் திறந்து என் பதிவுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் உரையாடல் எல்லாவற்றையும் ஒப்புதலோடு பதிவு செய்து வைத்திருப்போம். இரண்டு நாள் என் குரலையே கேட்டேன்.

அட்டையில் "தூங்குவதில் சிரமம் இருந்ததா?" என்று இருக்கிறது. நான் கேட்டிருந்தேன்: "தூக்கமெல்லாம் பரவாயில்லல்ல? நல்லா வருதுல்ல?" அட்டையில் "களைப்பாக உணர்ந்தீர்களா?" என்று இருக்கிறது. நான்: "போன மாசத்துக்கு இப்ப தெம்பாத்தான் இருக்கீங்க, குரலே சொல்லுதே!" ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் எதிர்முனையில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. யாரோ எதையோ சொல்ல வாயெடுக்கிற இழுப்பு. அதற்குள் நான் விழுந்து மூடியிருந்தேன். அறுபத்தொரு பேருக்கும் நலத்தை விற்றிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் நேரம் கொடுக்கவில்லை. கையும் களவுமாக என்னை நானே பிடித்தேன், அழுகை வந்தது.

பிறகு ஊமைக்கோட்டானின் பதிவுகளை எடுத்தேன். அட்டையில் உள்ளது உள்ளபடி, ரசீதுக் குரலில் கேட்கிறார். பிறகு ஒன்றும் இல்லை. கருவி நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பதினோரு விநாடி. அதற்கப்புறம் ஒரு பெண் குரல், "காலையில எழுந்திரிக்கவே தோணல சார். பிள்ளைக்குப் பொய் சொல்லிட்டுப் படுத்திருக்கேன்" என்றது. எனக்குக் கிடைக்காத வாக்கியம் அது, ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட.

"அந்தப் பதினோரு செகண்டுல நீங்க என்ன செய்வீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூச்சு விடுவேன்" என்றார்.

நேரே டாக்டரம்மாவிடம் போனேன். இந்த மாதக் கெடு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அறுபத்தொரு பேரையும் நானே மறுபடி கேட்கிறேன், அட்டையில் இருக்கிற சொல் மாறாமல் கேட்கிறேன் என்றேன். தசமம் தலையைச் சொறிந்தான். "நீங்க கேட்ட பிறகு அதுல இருபது பேரை டாக்டர் நேர்ல பாக்கட்டும். உங்க எண் அவங்களுக்குத் தெரியக்கூடாது. ரெண்டும் பொருந்தலைன்னா?"

"பொருந்தலைன்னா அத்தனையையும் குப்பையில போடு. கூடையை நானே தூக்கிட்டு வர்றேன்."

டாக்டரம்மா சரி என்றார்.

முதல் நாள் தோற்றேன். "தூங்கறதுல சிரமம் இருந்துச்சா?" என்று ஒழுங்காகக் கேட்டுவிட்டு, மூன்றாவது விநாடியில் "இல்லைல்ல?" என்று சேர்த்துவிட்டேன். பழக்கதோஷம். அதற்கப்புறம் ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஊமைக்கோட்டான் அதைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். சில பேர் என்னைத் திட்டினார்கள். "என்னம்மா ஆச்சு உங்களுக்கு, முன்னெல்லாம் அன்பாப் பேசுவீங்களே" என்று கேட்டுவிட்டு இரண்டு பேர் ஆய்வை விட்டே போய்விட்டார்கள். ஒருவரையும் இழக்காதவள் என்று மார்தட்டிக்கொண்டவள் நான், பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் மௌனத்துக்கு அப்புறம் ஆட்கள் பேசினார்கள். பஸ் நிறுத்தம்வரை போய்விட்டுத் தினமும் திரும்பி வருகிற ஆசிரியை. மூன்று மாதமாகத் தலை வாராத தையற்காரி. எண்கள் ஏறின. தசமம் சாயங்காலம் தோறும் வந்து, "அக்கா, ஏழு புள்ளி எட்டு" என்பான், மறுநாள் "ஒன்பது புள்ளி ரெண்டு" என்பான். நேர்முகத்தில் டாக்டர் பார்த்த இருபது பேரில் பதினெட்டுப் பேருக்கு என் எண்ணும் அவர் எண்ணும் பொருந்தின. நர்ஸ் பேசியவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தேறியிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. கொஞ்சம்தான், ஆனால் கலப்படம் இல்லாதது. அவ்வளவு நாள் அதை என் சளசளப்பு மூடி வைத்திருந்தது.

பூட்டுக்காரரைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஒன்பதாம் நாள் மத்தியானம் அவர் எண்ணைச் சுழற்றினேன்.

"போன தடவை நான் சரியாக் கேக்கலங்க. மறுபடி கேக்கணும்."

"நல்லாத்தானேம்மா கேட்டீங்க?"

முதல் கேள்வியைக் கேட்டேன். வழக்கமாகச் செய்கிற வேலையில் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா? கை வாய்க்குப் போயிற்று. எதிர்முனையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. கடிகார முள் ஒன்பது, பத்து, பதினைந்து என்று போயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது கிடையாது.

"கடையைத் தெறக்காம மூணு வாரமாச்சும்மா" என்றார்.

மூன்று என்று எழுதினேன். தூக்கத்துக்கும் மூன்று, பசிக்கு இரண்டு. ஒன்பதாவது, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்ததா என்ற கேள்வி. ஒரு சொல் மாறாமல் கேட்டேன்.

"சில நாளு தோணுது. நாம இருந்து என்னத்துக்குன்னு."

இந்தப் பதில் வந்தால் இணைப்பை விடாமல் டாக்டரை வரவழைக்க வேண்டும் என்பது விதி. கையை உயர்த்தினேன். ஐந்து மாதமாக நாற்காலியை விட்டு அசையாத ஊமைக்கோட்டான் செருப்புப் போடாமல் ஓடினார்.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. டாக்டர் வர்றாங்க, உங்ககிட்ட பேசுவாங்க. அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்" என்றேன்.

"சரிம்மா." கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அவ்வளவு ஆசையாக் கேப்பீங்க. இல்லைன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு இருக்கும். அஞ்சு மாசமா உங்களுக்காகத்தான் நல்லா இருந்தேன்."

பன்னிரண்டு வருஷம் எந்தப் பேச்சுக்கும் கையோடு பதில் வைத்திருந்தவள் நான். "இனிமே எனக்காக நல்லா இருக்க வேணாங்க" என்றேன், அவ்வளவுதான் முடிந்தது. டாக்டர் ஓடிவந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார். முக்கால் மணி நேரம் பேசினார். பூட்டுக்காரரின் தங்கைக்குச் சொல்லி அனுப்பி, அன்று சாயங்காலமே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார்கள்.

கூட்டிப் பார்த்தேன், இருபத்திரண்டு. என் ஆட்களில் அதுதான் ஆக உயரமான எண். தசமம் வாசலில் நின்று, "அம்பத்தெட்டு என்னக்கா?" என்று கேட்டான். சொன்னேன். அவன் புள்ளி எதையும் சேர்க்காமல் எழுதிக்கொண்டான்.

அடுத்த மாதம் அவரை மறுபடி அழைத்தேன். நர்ஸ் உண்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பதிலையும் யோசித்துச் சொன்னார், நான் காத்திருந்தேன். தூக்கம் இன்னும் சரியில்லை. கடையை வாரத்தில் மூன்று நாள் திறக்கிறாராம். ஒன்பதாவது கேள்விக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "இந்த ரெண்டு வாரத்துல இல்ல" என்றார். கூடவே, "இதை உங்களுக்காகச் சொல்லலம்மா" என்றார்.

கூட்டினேன், இருபத்திரண்டு பதினேழாக இறங்கியிருந்தது. தாளை உள் தபாலில் போடாமல் நானே கையில் எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, இரண்டு மாடி ஏறி டாக்டரம்மா மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.