நன்கொடையாளரின் நாற்காலி

ஆர்டிஸ் இப்படி உட்காரமாட்டாள். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள்போல. கைப்பை மடியில் இருக்கும். தன் சொந்த வீட்டில், தன் சொந்த சோபாவில்கூடக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கொக்கியைத் திறந்து திறந்து மூடுவாள். அவளாக நடிக்கும்போது அந்தச் சத்தத்தை இத்தனை பேர் முன்னால் எப்படிக் கொண்டுவருவது? எதற்குக் கொண்டுவர வேண்டும்?

ரோண்டா மாக்கி முதுகை நிமிர்த்தினாள். இடுப்புக்கு மேலே அந்த வலி காலையிலிருந்தே இருந்தது. எட்டு மணியிலிருந்து மூன்று தடவை காபி எடுக்க எழுந்துபோயிருந்தாள். காபி வேண்டியிருக்கவில்லை. ஓட்டல் ஜன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரி கரையோரம் உறைந்து கிடந்தது. உடைந்த பனிப்பாளங்களைக் காற்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதும் சரிப்பதுமாக இருந்தது.

அறையில் பதினெட்டுப் பேர். எல்லோரும் டுலூத்தில் ஏதாவதொரு தொண்டு நிறுவனத்துக்காகப் பணம் திரட்டுகிறவர்கள். வயதானவர்கள் தங்கள் உயிலில் நிறுவனத்துக்கு ஏதாவது எழுதிவைக்கும்படி எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். இரண்டு நாள் பயிற்சி, முடிவில் சான்றிதழ். இன்று இரண்டாம் நாள். முன்னால் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஒன்றில் 'கேட்பவர்' என்று தாள் ஒட்டியிருந்தது. ரோண்டா உட்கார்ந்திருந்ததில் 'நன்கொடையாளர்'.

"விதி ரொம்ப சிம்பிள்," என்றார் பயிற்சியாளர் பிரென்ட். சிகாகோக்காரர். இந்தக் குளிரிலும் காலுறை போடாமல் ஷூ போட்டிருந்தார். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு நன்கொடையாளரா நீங்களே மாறணும். பேரு வேண்டாம். அவங்க எப்படி உக்காருவாங்க, எப்படி மழுப்புவாங்க, அப்படியே செய்யணும். எதிர்ல இருக்கறவங்க கேப்பாங்க. கேட்டதும் என்ன செய்யணும்?"

"வாய மூடணும்," என்று அறை சேர்ந்து சொன்னது. அது நேற்றைய பாடம்.

"அதேதான். மௌனத்த முதல்ல உடைக்கறவங்கதான் தோத்தவங்க."

"அப்ப எங்க வீட்டுல நான் இருபது வருஷமா தோத்துக்கிட்டே இருக்கேன்," என்றாள் ஜோலீன் பின்வரிசையிலிருந்து. பிராணிகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். அவள் ஸ்வெட்டரில் எப்போதும் பூனைமுடி இருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். ரோண்டாவும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக.

எதிர் நாற்காலியில் கிர்ஸ்டன் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியின் அறக்கட்டளைக்கு அவள்தான் தலைவி, ரோண்டாவைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ரோண்டா அந்த ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் பதினோரு வருஷம் வார்டு உதவியாளராக இருந்தாள். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, வாந்திக்குக் கிண்ணம் பிடிப்பது. போன வசந்தத்தில் குளியலறையில் வழுக்கிய ஒரு கனத்த மனிதரைத் தாங்கிப் பிடித்தாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ரோண்டாவின் முதுகெலும்பில் இரண்டு தட்டுகள் பிதுங்கிவிட்டன. பாரம் தூக்கமுடியாதவளுக்கு வார்டில் வேலை இல்லை என்றார்கள். அப்போதுதான் கிர்ஸ்டன் கூப்பிட்டாள். "நாலாவது மாடில இறந்துபோனவங்க குடும்பமெல்லாம் உங்க பேரத்தான் சொல்றாங்க, ரோண்டா. அத நாங்க காசு கொடுத்து வாங்க முடியாது," என்றாள்.

தொண்ணூறு நாள் சோதனைக்காலம். இன்னும் பதினோரு நாள் பாக்கி. வேலை நிரந்தரமானால் மருத்துவக் காப்பீடு தொடரும். கணவன் டெனிஸின் இன்சுலின் அந்தக் காப்பீட்டில்தான் வருகிறது. அவன் வேலை பார்த்த காகித ஆலை மூடி மூன்று வருஷமாகிறது.

"காபிக்கு ரொம்ப நன்றி," என்று கிர்ஸ்டன் ஆரம்பித்தாள். "இந்த ஜன்னல்லேர்ந்து ஏரி முழுக்கத் தெரியுதே. எவ்வளவு அழகு!"

"காத்து உள்ள வருது," என்றாள் ரோண்டா. "எங்க வீட்டுக்காரர் வால்ட் இருந்தவரைக்கும் குளிருக்கு முன்னாடியே இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டிடுவாரு."

ஆர்டிஸைப்போல நாற்காலியின் நுனிக்கு எப்போது நகர்ந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. முதுகுவலி அங்கே குறைவாக இருந்தது. மடியில் இல்லாத கைப்பையின் கொக்கியை அவள் கட்டைவிரல் தேடிக்கொண்டிருந்தது.

"அவர் நினைவா ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்யணும்னு தோணியிருக்கா?"

"எலுமிச்சை கேக் எடுத்துக்கம்மா. ஒண்ணு எப்படிப் போதும்? இந்தா, இன்னொண்ணு."

அறையில் சிரிப்பு. ஒவ்வொருவரும் இப்படிப்பட்ட வீடுகளில் இரண்டாவது கேக்கைத் தின்றவர்கள்தான்.

"பின்னால இந்த வீடு யாருக்குன்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

கேட்டுவிட்டு கிர்ஸ்டன் வாயை மூடிக்கொண்டாள். பாடம் சொன்னபடியே, கண்ணில் கனிவோடு. ஆர்டிஸுக்கு மௌனம் தாங்காது. பள்ளிக்கூடச் சமையலறையில் நாற்பது வருஷம் ஐந்நூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே வேலை பார்த்தவள். பேச்சு நின்றால் தன்மேல்தான் ஏதோ தப்பு என்று பதறுவாள். அந்தப் பதற்றம் இப்போது ரோண்டாவையும் பிடித்துக்கொண்டது.

"என் மகன் டேலுக்குத்தான்," என்றாள். "மே மாசம் அவன விட்டுடுவாங்க."

"எங்கேர்ந்து?"

"ஜெயில்லேர்ந்து."

குரல் ஆர்டிஸுடையது. வாய் தன்னுடையது என்பது அவளுக்கு அடுத்த நொடிதான் உறைத்தது. பிறகு யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

"பாத்தீங்களா!" பிரென்ட் வெள்ளைப் பலகைக்கு ஓடினார். 'வெட்கம்' என்று எழுதி அடிக்கோடிட்டார். "மகன் இருக்கறது தடை இல்ல. வெட்கம்தான் கதவு. தன் குடும்பப் பேரு ஒரு நல்ல சுவத்துல, நல்ல எழுத்துல இருக்கணும்னு அவங்களுக்கு எவ்வளவு ஆசையா இருக்கும்! அங்க தட்டுங்க."

இடைவேளையில் ரோண்டா காபிப் பாத்திரத்தருகே நின்றாள். நிற்கவும் முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். ஜோலீன் பிஸ்கட்டைக் கடித்தபடி பக்கத்தில் வந்தாள்.

"அடிப்பாவி, என்னமா நடிச்ச! எங்க ஆளுங்க எல்லாம் வீட்டப் பூனைக்குத்தான் எழுதி வைக்கறாங்க. நீ வந்து கேட்டா நானே உனக்கு எழுதிக் கொடுத்துடுவேன்." பிறகு ரோண்டாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏய், அதெல்லாம் நிஜமா?"

"ம்."

"அடக் கடவுளே," என்று ஜோலீன் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

டேல் அலாஸ்காவில் மீன்பிடிப் படகில் இருக்கிறான் என்றுதான் ஆர்டிஸ் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தாள். அப்பாவின் அடக்கத்துக்கு அவன் வராததற்கும் அதுதான் காரணம். வால்ட் இறந்த அன்று வார்டிலிருந்து அவள் சிறைக்குப் போன் செய்தபோது, எண்ணை அழுத்திக் கொடுத்தது ரோண்டா. அதனால்தான் ரோண்டாவிடம் மட்டும் உண்மை. போன வாரம் போயிருந்தபோது, மாடியிலிருந்த டேலின் கட்டிலைப் பக்கத்து வீட்டுக்காரர் உதவியோடு கீழே இறக்கிப் போட்டிருந்தாள். கம்பளிக் காலுறை ஆறு ஜோடி வாங்கி அதன்மேல் அடுக்கியிருந்தாள். "ஜெயிலுக்குப் போனவனுக்கு யாரு வீடு வாடகைக்குக் கொடுப்பா, சொல்லு," என்றாள். வாசல்வரை வந்து, ரோண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு ஆபீசுல ஏதாவது கையெழுத்து வேணும்னா கொண்டாம்மா. படிச்சுக்கூடப் பாக்கமாட்டேன். வால்ட்டக் கடைசியாக் குளிப்பாட்டினது நீதானே," என்றாள்.

அதைத்தான் ரோண்டாவால் ஒரு வாரமாக எங்கேயும் இறக்கிவைக்க முடியவில்லை.

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் மேஜையிலிருந்து தங்கள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார்கள். பிரென்ட்டின் கையெழுத்துக்குக் கீழே அவரவர் மேலதிகாரி கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. ரோண்டாவின் சான்றிதழ் கிர்ஸ்டனின் கையில் இருந்தது.

"ரோண்டா, ஒரு நிமிஷம் உக்காருங்க." மூலையில் ஒரு மேஜை. கிர்ஸ்டன் மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். "ஆர்டிஸ் வீட்டுக்குப் போன வாரம் போனதுக்குச் சந்திப்புக் குறிப்பு இன்னும் வரல. இப்பவே எழுதிடுங்களேன். அறக்கட்டளைக் குழு அதப் பாத்துட்டுத்தான் அனுமதி கொடுக்கும். வியாழக்கிழமை நானும் உங்களோட வரேன், வக்கீல் கொடுத்த உயில் ஃபாரத்தோட."

"அந்த வீடு டேலுக்குன்னு வெச்சிருக்காங்க."

"தெரியும். அத நாம எடுத்துக்கப் போறதில்ல, ரோண்டா. அவங்களுக்கு வேற வழியும் இருக்குன்னு காட்டப் போறோம், அவ்வளவுதான்." கிர்ஸ்டன் களைப்பாகக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்கும் மேலேர்ந்து நெருக்கடி. உங்கள நிரந்தரம் பண்ணணும்னா குழுகிட்ட நான் ஒண்ணக் காட்டியாகணும். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

ரோண்டா எழுதினாள். இரண்டு விரல்களால், மெதுவாக. எழுதி முடித்துத் திருப்பிக் காட்டினாள். கிர்ஸ்டன் படித்தாள். தேதி. இடம். 'ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது. பிளாஸ்டிக் ஒட்ட ஆள் தேவை. எலுமிச்சை கேக் கொடுத்தார்.' குடும்பம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அடுத்த படி என்ற கட்டமும் காலி.

"மகனப் பத்தி இங்க வரணும்," என்று கிர்ஸ்டன் காலிக் கட்டத்தில் விரல் வைத்தாள். "அவங்க உங்ககிட்ட சொன்னத அப்படியே. எழுதிடறீங்களா, ரோண்டா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஓட்டல் ஆட்கள் முன்னாலிருந்த நாற்காலிகளைத் தூக்கி அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 'நன்கொடையாளர்' தாளை ஒருவன் கிழித்து உருட்டிக் குப்பையில் போட்டான். நாலாவது மாடியில் ரோண்டா இதைவிட நீளமான மௌனங்களில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில், மணிக்கட்டைப் பிடித்தபடி, அடுத்தது வருமா என்று தெரியாமல். காலையிலிருந்து முதல்முறையாக அவளுக்கு எழுந்துபோகத் தோன்றவில்லை.

கிர்ஸ்டன் பேனா மூடியைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். ரோண்டாவின் பெயர் நீல எழுத்தில் அச்சான சான்றிதழ் அவர்களுக்கு நடுவில் கிடந்தது. கையெழுத்துக்கான கோட்டுக்கு மேலே ஒன்றுமில்லை.

"ரோண்டா?" என்றாள் கிர்ஸ்டன் கடைசியில்.

"இல்ல, கிர்ஸ்டன்," என்று ரோண்டா மெதுவாகச் சொன்னாள். "இவ்வளவுதான்."